தலையெழுத்தா, கவனிப்பா?

ஏழை வீட்டுக் குழந்தை மந்தமாயிருந்தால், "அது அதன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நிம்மதியாய்த் தூங்குகிறவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஜமேக்கா தீவின் கிங்ஸ்டன் பட்டணத்துச் சங்கதியைச் சற்றுக் கேட்பார்களாக.

1986-87-ல் அங்கு போதிய போஷணையின்றி வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை, ஸாலி கிராந்தம்-மக்ரெகர் அம்மையாரும் கூட்டாளிகளும் நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பால் மாவு, மற்றொன்றுக்கு வாரம் ஒருமணி நேரம் சுகாதார ஊழியப் பெண் வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு பேசி விளையாடத் தாயைப் பழக்குவது, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இரண்டுமில்லை. இப்படி இரண்டு வருஷம்.

பலன் என்ன? அவர்களுடைய 22-வது வயதில் கணக்கெடுத்ததில், விளையாட்டுப் பழக்கம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 25 சதவிகிதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று 2014-ல் வெளியாயிற்று. பால் மாவு மாத்திரம் பெற்றவர்களிடம் இந்த நெடுநாள் பலன் காணப்படவில்லை. ஆகையால் சோறு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சோறு மாத்திரம் போதாதென்கிறோம்.

வந்த பெண்கள் டாக்டர்களல்ல. கழித்துப் போட்ட சாமான்களில் செய்த பொம்மைகளே அவர்கள் கருவி. வாரத்துக்கு ஒருமணி நேரத்தில் அழியக்கூடிய எழுத்தைப் பிரமன் எழுதினான் என்று எப்படி நம்புவது? தாய்க்குத் துணை அனுப்பாத சர்க்காரும் சமூகமும் எழுதிய எழுத்தே அது என்போம்.