நம்மூரில் பனியே இல்லையே, கூலன்ட் எதற்கு?

மே மாதத்தில் ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் என எந்த மலைப்பாதையில் ஏறினாலும் ஒரு காட்சி தப்பாது. ஓரமாக ஒரு கார் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும். உள்ளேயிருந்து ஆவி. அப்பா கையில் தண்ணீர் கேன், அம்மா இடுப்பில் குழந்தை. பாட்டி மட்டும் விவரமாக மரத்தடிக்குப் போய்விட்டிருப்பார். அந்தப் பக்கம் வருகிறவர் வண்டியை நிறுத்தி, “ரேடியேட்டர்ல தண்ணி இருக்கா பாருங்க சார்” என்பார்.

அந்தத் தண்ணீரில்தான் சிக்கலே.

அம்பாசடர், பத்மினி காலத்தில் டிரைவர்கள் காலையில் முதல் வேலையாக ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போதும் உள்ளே துரு பிடிக்கத்தான் செய்தது. திறந்துவிட்டால் செம்மண் குழம்பாக வரும். ஆனால், இன்ஜின் கனத்த இரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்துவிடுவார்கள். இப்போதைய கார்களில் ரேடியேட்டர் அலுமினியம், அதன் இரு பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். அலுமினியக் குழாயின் சுவரோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. அது அரித்தால் பெரும்பாலும் புதிது மாற்றுவதுதான் வழி. வண்டி மாறிவிட்டது, தண்ணீர் கேன் பழக்கம் மட்டும் மாறவில்லை.

“நம்ம ஊர்ல பனியா கொட்டுது? கூலன்ட் எல்லாம் ஐஸ் விழற ஊருக்கு சார். தண்ணிதான் சூட்டை நல்லா இழுக்கும்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் உண்டு. அவர் சொல்வதில் பாதி உண்மை. எத்திலீன் கிளைக்கால் கலந்த நீரைவிட வெறும் தண்ணீர் அதிக வெப்பத்தைச் சுமக்கும். பாதிக்குப் பாதி கலந்த கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பதும் சேலத்துக்காரருக்குத் தேவையில்லாத வசதிதான். ஆனால், அதே கலவை கொதிக்க 107 டிகிரி வரை ஆகும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் ஏறக்குறைய 125 டிகிரி. ஏ.சி. போட்டு மலையேறும்போது இந்தக் கூடுதல் டிகிரிகள்தான் காப்பாற்றும்.

அதைவிட முக்கியம், கூலன்டில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். இன்ஜினுக்குள் இரும்பு, அலுமினியம், சில வண்டிகளில் செம்பு என்று வெவ்வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனைகின்றன. உப்பு நீரில் இரண்டு உலோகங்களை வைத்தால் அது பேட்டரி; ஒன்று கரைந்து மற்றொன்று பிழைக்கும். நம்மூர் போர் தண்ணீரில் உப்புக்குப் பஞ்சமா? அதிலுள்ள குளோரைடு, அலுமினியத்தின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் காப்புப் படலத்தைத் துளைத்துக் குழி பறிக்கும். கால்சியம், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோலவே இன்ஜினின் சூடான இடங்களில் வெள்ளையாகப் படியும். படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. அடுத்து ஹெட் கேஸ்கட். அதன் பில்லைப் பார்த்தவர்கள் கூலன்ட் விலையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

சரி, கூலன்ட் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் பச்சை, நீலம், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று ரோஸ்மில்க் கடைபோல அடுக்கியிருக்கிறார்கள். நிறம் வெறும் சாயம். கசிவு எளிதில் கண்ணில் படவும், தண்ணீர் என்று தவறாக எண்ணாமல் இருக்கவும் சேர்ப்பது. எந்த நிறத்துக்கு எந்த வேதிப்பொருள் என்று பொது விதி எதுவும் கிடையாது. டொயோட்டாவின் கூலன்ட் இளஞ்சிவப்பு. அதில் பாஸ்பேட் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் ஜி 12 வகையும் சிவப்புச் சாயல்தான். அதில் பாஸ்பேட் கிடையாது.

இதன் பின்னணி சுவையானது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் தண்ணீர் கடினநீர். பாஸ்பேட் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படியும் என்பதால் அங்கே அதை ஒதுக்கினார்கள். ஜப்பானியர்களோ, சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று அதைத் தவிர்த்து பாஸ்பேட் பக்கம் போனார்கள். ஆக, ஜப்பானிய வகை கான்சென்ட்ரேட் வாங்கி அதில் போர் தண்ணீர் கலப்பதைப்போல வீண் செலவு வேறில்லை. பேட்டரி கடைகளில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும் (ஆசிட் அல்ல, கேட்டு வாங்க வேண்டும்). கலந்தே வரும் ரெடிமிக்ஸ் வாங்கினால் இந்தத் தலைவலியும் இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் சிக்கனம் வேண்டாம். அதில் தூசியும் செம்பின் தடயமும் இருக்கும். செம்பு அலுமினியத்துக்கு ஆகாது.

காரோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அதே வகையை வாங்குவது போதும். பழைய சிலிக்கேட் வகை சுமார் இரண்டு வருடம் தாங்கும். கரிம அமில வகை ஐந்து வருடம் வரை. இரண்டையும் கலந்தால் நீண்ட ஆயுள் வகையின் ஆயுளும் குறையும், சில நேரம் கூழாகித் திரிந்து குழாயை அடைக்கும். “நிறம் நல்லாத்தானே இருக்கு” என்று மாற்றாமல் விடுவதும் தவறு. சாயம் அப்படியே இருக்க, தடுப்பான்கள் தீர்ந்து, கிளைக்கால் மெல்ல அமிலமாகிக்கொண்டிருக்கும்.

நடுவழியில் கூலன்ட் குறைந்து வேறெதுவும் கிடைக்காவிட்டால் குடிநீரை ஊற்றி வீடு வந்து சேரலாம், தப்பில்லை. ஆனால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் விலகிய நொடியில் உள்ளிருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். ஊர் திரும்பியதும் அந்தத் தண்ணீரை முழுதாக வடித்து, புதுக் கூலன்ட் நிரப்ப வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொன்று. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். தரையில் சிந்தியதை நாய் நக்கும். மிச்சக் கூலன்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி மாடிப்படி அடியில் வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. குழந்தை குடித்துவிட்டால் முதலில் போதையில் தள்ளாடுவதுபோலத்தான் தெரியும். சிறுநீரகம் கெடுவது பிறகு. மாற்று மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அந்தக் கூலன்ட் கேனையும் கையில் எடுத்துக்கொண்டு.