நூறு கணக்கு போட்டால் பின்னம் வந்துவிடுமா?

பின்னம் வராத பிள்ளைக்கு நம் ஊரில் ஒரே வைத்தியம்தான்: இன்னும் ஐம்பது கணக்கு. விதியை நெட்டுருப் போடு, போடப் போடக் கை பழகும், பொருள் பின்னால் தானாக விளங்கும் என்கிறார்கள்.

கை பழகும், சரி. 1978-இல் அமெரிக்கத் தேசியக் கல்வி மதிப்பீட்டில், 12/13 + 7/8 உத்தேசமாக எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். கொடுத்திருந்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமும் ஒன்றை ஒட்டியே நிற்பதால் விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ளதையும் மேலே உள்ளதையும், கீழே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டினால் வருகிற எண்கள் அவை. பின்னக் கூட்டலை வகுப்பில் படித்த பிள்ளைகள்தாம் இவர்கள். இவர்களுக்கு இன்னும் ஐம்பது கணக்கு கொடுத்து என்ன பயன்?

பொருள் தானாக விளங்கும் என்பது இதைவிடப் பலவீனமான வாதம். கணிதக் கல்வி ஆய்வாளர் லிபிங் மா 1999-இல் வெளியிட்ட நூலில், 1 3/4 ÷ 1/2 என்ற கணக்கை அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று ஒப்பிட்டார். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். பெரும்பாலோர் அந்த வகுத்தல் வருகிற மாதிரி பொருத்தமான ஒரு கதையும் சொன்னார்கள். அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கணக்கே தேறவில்லை, சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் அரையால் வகுப்பதை இரண்டால் வகுப்பதோடு குழப்பிக்கொண்டார்கள். ஆசிரியரான பிறகும் தானாக விளங்காதது, ஆறாம் வகுப்பில் எப்படி விளங்கும்?

கதை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் மூன்று பாட்டில் நிறையும், கால் லிட்டர் மிஞ்சும். விடையோ மூன்றரை. மிஞ்சியது கால், எழுதுவது அரை! பிள்ளை திகைத்து நிற்கிற இந்த இடத்தில்தான் பாடமே இருக்கிறது. கால் லிட்டர் என்பது அரை லிட்டர் பாட்டிலில் பாதி. 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று சொல்லிவிட்டால் அந்தத் திகைப்பும் வராது, தெளிவும் வராது.

"திண்ணைப் பள்ளியில் எல்லாமே மனப்பாடம்தானே?" என்று மடக்குவார்கள். மனப்பாடம்தான். ஆனால் அங்கே படித்த எண்சுவடி என்ற வாய்ப்பாட்டில் 1/320 முந்திரி, 1/80 காணி, 1/20 மா. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். ஒவ்வொன்றும் ஓர் அளவு. எது பெரிது எது சிறிது என்பதும் அந்த வாய்ப்பாட்டோடு சேர்ந்தே மனத்தில் பதிந்தது. நாம் மனப்பாடம் செய்ய வைப்பது குறுக்கே பெருக்கும் கோடுகளை.

தேர்வில் வேகம் வேண்டாமா? வேண்டும். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியதுமே, அரையோடு கூட்டியது அரையைவிடக் குறையுமா என்று உறுத்துகிற பிள்ளைக்குத்தான் அந்த வேகம் வாய்க்கும்.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே பக்கத்தில் இருபது கூட்டல் கொடுப்பதற்குப் பதில், 3/4, 1/2 இரண்டை மட்டும் கொடுத்து, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கில் எதன் விடை பெரியது, எது சிறியது என்று போடுவதற்கு முன்பே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு போட்டுப் பார்க்கட்டும். வகுத்தல் கூட்டலை முந்திவிடும்; ஏன் என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும்.