துறைமுகம் யாருக்காக?



சென்ற மாதம் சிறுசேமிப்புக் குழுக்களின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று கணக்கைப் பற்றியதல்ல. கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்: "எங்கள் ஊர்ப் பழைய இறங்குதுறையைத் திருத்தப் போகிறார்களாம். கூட்டம் வைத்தார்கள். நாங்களும் போய்ப் பின்வரிசையில் இருந்தோம். தேநீர் தந்தார்கள், குடித்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏதாவது கேட்டிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. என்ன கேட்டிருக்க வேண்டும் அக்கா?"

அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். காரணம், இப்படியான ஒரு கூட்டத்தை ஒரு காலத்தில் ஒழுங்கு செய்தவள் நான்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு கிராமத்தில் இறங்குதுறைத் திருத்த வேலைக்கு முன்னதாக ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் "பெண்களின் தேவைகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. நேரம் போய்விட்டது, பெண்கள் சமையலுக்கு எழும்பிப் போய்விட்டார்கள். சங்கத்து ஐயா ஒருவரிடம் கேட்டேன். "அவையளுக்கு விசேஷமாய் ஒண்டும் இல்லை" என்றார். அப்படியே எழுதினேன்.

வேலை முடிந்தபோது, பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கருவாடு காயப்போட்ட இடத்தில் சீமெந்துத் தளம் வந்திருந்தது. வாகனம் திரும்புவதற்காம். பெண்கள் பெரிய கடகங்களைச் சுமந்துகொண்டு வீதியைக் கடந்து அடுத்த பக்கம் போனார்கள். ஒரு வயதான அம்மா என்னைக் கண்டதும் திட்டவில்லை. "பிள்ளை, எங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்று மாத்திரம் சொன்னார்.

இன்றைக்கும் புதிய படிவம் ஒன்றைக் கையில் எடுத்தால் அந்த அம்மாவின் முகம்தான் முன்னால் வந்து நிற்கும். ஆகவே சகோதரியின் கேள்விக்கு என் அறிவுரையைச் சொல்வதிலும் பார்க்க, இந்த வேலையைச் சரியான ஒழுங்கில் செய்த பெண்கள் சிலரின் கதையைச் சொல்வது பொருத்தம் என நினைக்கிறேன். நான் அந்த ஊரை நேரில் பார்த்ததில்லை. சமுதாய அபிவிருத்தி பற்றிப் படிக்கும்போது அறிந்து, பின்னர் தேடித் தேடி வாசித்தது.

பழைய துறைமுகமும் மூடிய ஆலையும்

இங்கிலாந்தின் தென்மேற்கே சமர்செற் என்ற மாவட்டத்தில் வொட்செற் என்றொரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. சனத்தொகை சுமார் 4,000. பிரிஸ்ரல் சனல் எனப்படும் கடற்பகுதியில் அமைந்த ஊர். உலகில் கடல் நீர் மிக அதிகமாக ஏறி இறங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வற்றுக் காலத்தில் பழைய துறையில் படகுகள் சேற்றில் குந்திவிடும்.

ஊர் சிறிதென்றாலும் சரித்திரம் நீண்டது. 10ஆம் நூற்றாண்டிலேயே வைக்கிங் கொள்ளையர்கள் அதைத் தாக்கியிருக்கிறார்கள். அக்காலத்தில் அங்கே நாணயம் அடிக்கும் சாலையும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள மலைகளில் வெட்டிய இரும்புத் தாது புகையிரதத்தில் வந்து, வொட்செற்றில் கப்பலேறி, கடலுக்கு அக்கரையில் உள்ள வேல்ஸ் நாட்டுக்குப் போனது. கவிஞர் கோல்ரிட்ஜ் 1797இல் நண்பர்களுடன் அந்தப் பக்கம் நடந்து சென்றபோதுதான் தமது புகழ்பெற்ற முதிய மாலுமியின் பாட்டுக்குக் கரு கிடைத்தது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். 2003இல் அந்த மாலுமிக்குத் துறைமுகத்தில் சிலையும் வைத்தார்கள்.

1900 டிசம்பரில் வீசிய பெரும் புயல் துறைமுகச் சுவர்களையும் உள்ளே நின்ற கப்பல்களையும் நொறுக்கியது. ஊரவர் அதைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் பின்னர் வந்த அடி புயலால் வந்ததல்ல. 1990களோடு சரக்குக் கப்பல் வரத்து நின்றது. 2001இல் துறையின் உட்பகுதி உல்லாசப் படகுகள் நிற்கும் இடமாக மாறியது. 2015 டிசம்பரில், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாரம்பரியமுள்ள கடதாசி ஆலையும் மூடப்பட்டது. ஏறக்குறைய 175 பேர் வேலை இழந்தார்கள். வாழைச்சேனைக் கடதாசி ஆலை நின்றுபோன காலத்தை அறிந்தவர்களுக்கு, இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

2017இல் இங்கிலாந்தின் சமூக முன்னேற்ற ஆணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. வறிய வீட்டில் பிறந்த பிள்ளை வாழ்க்கையில் முன்னேறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று 324 உள்ளூராட்சிப் பிரதேசங்களை வரிசைப்படுத்தியது. வொட்செற் இருந்த மேற்குச் சமர்செற் பிரதேசம் 324ஆவது இடத்தில், ஆகக் கடைசியில் நின்றது. பணக்கார நாடு என்று நாம் நினைக்கும் நாட்டிலும் இப்படி ஒரு மூலை உண்டு.

நான்கு பெண்கள்

துறைமுகத்தின் கிழக்குப் பக்க மேடை நெடுங்காலம் வெறுமனே கிடந்தது. அங்கே வீடுகளும் கடைகளும் கட்டும் தனியார் திட்டம் ஒன்று பல ஆண்டுகள் பேசப்பட்டு, கடைசியில் கைவிடப்பட்டது. அந்தக் காலகட்டத்தில், 2012ஆம் ஆண்டளவில், ஊர்ப் பெண்கள் நால்வர் சேர்ந்து ஒரு குழுவை ஆரம்பித்தார்கள். அதன் பெயர் ‘ஒனியன் கலெக்ரிவ்’. நம் மொழியில் சொன்னால் வெங்காயக் கூட்டு! பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். சிரிப்பவர்கள் நமது ஊரில் மட்டுமா இருக்கிறார்கள்?

அவர்கள் முதலில் கட்டடம் கட்டவில்லை. பழைய கப்பல் கொள்கலன்கள் சிலவற்றைத் துறைமேடையில் வைத்து, அவற்றைக் கலைஞர்களின் வேலைத்தலமாகவும் சிறு கண்காட்சி இடமாகவும் மாற்றினார்கள். செலவு குறைவு, பிழைத்தால் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அந்தச் சிறு வேலையால், வெறுமையாய்க் கிடந்த இடத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இரண்டாவதாக, ஊரைக் கேட்டார்கள். இந்த இடத்தில் என்ன வேண்டும், நமது பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாதிருக்க எது தேவை என்று விசாரித்தார்கள். இந்தக் கேள்விகளுக்கு வந்த பதில்களிலிருந்துதான் திட்டம் வளர்ந்தது. வரைபடத்தைக் காட்டி "சரிதானே?" என்று கேட்பதும், வரைபடத்துக்கு முன்னர் "என்ன வேண்டும்?" என்று கேட்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது விடயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. குழுவை அவர்கள் எந்தச் சட்ட வடிவில் பதிந்தார்கள் தெரியுமா? ‘சமுதாய நலன் கம்பனி’ என்று ஒரு வகை அங்கே 2005ஆம் ஆண்டிலிருந்து உண்டு. வியாபாரம் செய்யலாம், இலாபமும் உழைக்கலாம். ஆனால் சொத்துக்குச் சட்டப்படி ஒரு பூட்டு உண்டு. அந்தச் சொத்தைச் சமுதாய நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். நினைத்தபடி விற்றுப் பங்குபோட முடியாது. கம்பனி கலைந்தாலும் மிச்சம் இதே பூட்டுள்ள இன்னொரு பொது அமைப்புக்கே போகும். சமுதாயத்துக்கு என்ன நன்மை செய்தோம் என்று ஆண்டுதோறும் எழுத்தில் அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

துறைமுகத்தைப் பொதுநலப் பொறுப்பாக வைத்திருப்பது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. டோவர் துறைமுகத்தின் நிர்வாக சபை 1606இல் அரச சாசனத்தால் அமைக்கப்பட்டது. இன்றுவரை அதற்குப் பங்குதாரர் கிடையாது. வொட்செற் பெண்கள் கையில் எடுத்தது முழுத் துறைமுகத்தையல்ல, ஒரு மேடையை மாத்திரம். ஆனால் எண்ணம் ஒன்றுதான்.

பணம் வந்தது, கட்டடம் வந்தது

பிரித்தானிய அரசின் ‘கரையோரச் சமுதாய நிதியம்’ 2012இல் ஆரம்பிக்கப்பட்டது. முடிக்குரிய கடற்சொத்துகளிலிருந்து வரும் வருமானத்தை அளவுகோலாக வைத்து, கரையோர ஊர்களுக்கு உதவிய நிதியம் அது. கடலிலிருந்து வந்தது கரைக்குத் திரும்ப வேண்டும் என்ற நியாயம். அதிலிருந்து இந்தக் குழுவுக்கு 50 இலட்சம் பவுணுக்கு மேல் கிடைத்தது. வேறு இடங்களிலும் நிதி திரட்டினார்கள். கொரோனாக் காலத்தையும் தாண்டி, 2021இல் ‘ஈஸ்ற் கீ’, அதாவது கிழக்குத் துறைமேடை, திறக்கப்பட்டது.

அங்கே கண்காட்சிக் கூடங்கள், கலைஞர்களின் வேலைத்தலங்கள், அச்சுக்கூடம், பிள்ளைகளுக்கான கற்றல் இடம், உணவகம், தங்குமறைகள் எல்லாம் அமைந்தன. தங்க வருவோரும் சாப்பிட வருவோரும் கொடுக்கும் பணம் ஏனைய வேலைகளைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஆண்டுதோறும் உதவி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாதல்லவா?

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பருத்தி முதலான நார்களிலிருந்து கையால் ஓவியக் கடதாசி செய்யும் சிறிய ஆலையொன்று அயலிலிருந்து அங்கே இடம்மாறி வந்தது. பெரிய ஆலையில் இழந்த 175 வேலைகளை அது திருப்பித் தராது. ஆனால் கடதாசி செய்த ஊரில் கடதாசி செய்யும் கைத்திறன் அறுந்துபோகாமல், இளையோர் பழகுவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

எல்லாம் பொன்னாக மின்னுகிறது என்று சொல்ல வரவில்லை. கட்டடத்தின் இளஞ்சிவப்பு நிறத்தையும் தோற்றத்தையும் விரும்பாதவர்கள் உண்டு. இது வெளியூராருக்கா உள்ளூராருக்கா என்று கேட்டவர்களும் உண்டு. படகுகள் நிற்கும் நீர்ப்பகுதி இந்தக் குழுவின் கையில் இல்லை. அங்கே சேறு சேர்ந்துகொண்டே இருப்பது பெரிய தலையிடி. உணவகத்து வேலையும் தங்குமறை வேலையும் ஆலைச் சம்பளத்துக்கு ஈடாகுமா என்பதும் நியாயமான கேள்வி. ஆனாலும் இவை ஊரவர் தங்கள் ஊர்ப் பெண்களிடமே நேரில் கேட்கக்கூடிய கேள்விகள். தூரத்து அலுவலகம் ஒன்றின் கதவைத் தட்டத் தேவையில்லை.

சகோதரிக்குப் பதில்

அந்த நாட்டின் பணமும் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆனால் கேள்விகளுக்குப் பணம் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்:

1. திருத்திய பின் இறங்குதுறை யாருடைய பொறுப்பில் இருக்கும்? அந்தக் குழுவில் பெண்கள் எத்தனை பேர்?

2. கருவாடு காயப்போடும் இடம், வலை தெரியும் இடம், மலசலகூடம், இரவு வெளிச்சம் ஆகியன வரைபடத்தில் எங்கே உள்ளன? விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

3. வாடகையாகவோ கட்டணமாகவோ வரும் வருமானம் எந்தக் கணக்கில் சேரும்? அதை ஊருக்கு யார், எப்போது வாசித்துக் காட்டுவார்கள்?

4. பொறுப்பேற்கும் சங்கம் நாளைக்குக் கலைந்தால் சொத்து யாருக்குப் போகும்?

நான்காவது கேள்வியைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். "தொடங்க முன்னரே கலைப்பைப் பற்றிக் கதைக்கிறியள்" என்பார்கள். பரவாயில்லை. சங்க யாப்பை எடுத்து, கலைப்பு பற்றிய பகுதியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சங்கத்தின் நல்லெண்ணம் அந்தப் பகுதியில்தான் தெரியும்.

இன்னுமொன்று. கேட்டால் மாத்திரம் போதாது. கேட்டதும் கிடைத்த பதிலும் கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். எழுதாத கேள்வி கேட்காத கேள்விதான். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தால், சமையல் நேரம், மாற்றுங்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் ஐந்து பேராகச் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.

நான் பிழைவிட்ட கிராமத்துக்குப் பிறகும் போயிருக்கிறேன். சீமெந்துத் தளத்தை உடைக்க முடியாது. ஆனால் பெண்கள் இப்போது வீதிக்கு அடுத்த பக்கத்துக் காணித்துண்டைத் தங்கள் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் அவர்களிடம் கேட்டு எழுதினேன். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அந்த வயதான அம்மா முழு நேரமும் பக்கத்தில் இருந்து, நான் எழுதியதை மூன்று தடவை திருத்தினார்.

கடிதம் எழுதிய சகோதரியே, அடுத்த கூட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். தேநீரைக் குடியுங்கள். ஆனால் முன்வரிசையில் இருந்து குடியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.