சாமி சாப்பாட்டுல நோய் வருமான்னு கேட்ட ஐயாவுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரம் கோயில் கூட்டத்துல மூணு விஷயம் கேட்டேன். வெள்ளிக்கிழமை அன்னதானத்துல சிராப் தண்ணிக்குப் பதிலா வெறும் தண்ணியும் மோரும் கொடுக்கலாம். வடையும் கேசரியும் ஒரே நாள்ல வேண்டாம். ஞாயிறு காலையில பெண்கள் சேர்ந்து நடக்கலாம். காரணம் கேட்டாங்க, மார்பகப் புற்றுநோய்னு சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆண்கள் எல்லாம் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு பெரியவர் மட்டும், "சாமி சாப்பாட்டுல நோய் வருமாம்மா? அதெல்லாம் அவங்கவங்க கர்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார். வயசுக்கு மரியாதை கொடுத்து அன்னைக்கு வாயை மூடிக்கிட்டேன். இன்னைக்கு எழுதுறேன்.

கர்மாவா ஐயா? நம்ம கோயில் சமையல்கட்டுல 15 வருஷம் என் பக்கத்துல நின்னு காய் நறுக்கின அக்காவை உங்களுக்கும் தெரியும். மார்புல கட்டி இருக்குன்னு தெரிஞ்சும் எட்டு மாசம் யார்கிட்டயும் சொல்லல. வலி இல்ல, அதனால பயமில்லன்னு நினைச்சாங்க. மந்திரிச்ச கயிறு கட்டிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனப்போ எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. காரியத்துக்கு வந்தவங்க எல்லாரும் விதின்னு சொன்னாங்க. அந்த எட்டு மாசத்தை விதி எடுத்துக்கல, வெட்கம் எடுத்துக்கிச்சு. இந்த வார்த்தையைச் சொன்னா தலை குனியுற நாம எல்லாரும் அதுக்குக் காரணம்.

நான் டாக்டர் இல்ல. எஸ்.பி.எம். படிச்சிட்டுத் தொழிற்சாலைக்குப் போனவ, இப்போ சூப்பர்வைசர். அக்கா போனப்புறம் டாக்டர்கிட்டயும் நர்ஸ்கிட்டயும் கேட்டுக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டதை எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன்.

பெண் உடம்புல ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் இருக்கு. மாதவிலக்கு இருக்கிற வரைக்கும் அதை முக்கியமா சினைப்பைதான் தயாரிக்குது. மாதவிலக்கு நின்னதும் அந்த லைன் மூடிடும். ஆனா உடம்புக் கொழுப்புல அரோமட்டேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. அது வேற ஹார்மோனை எடுத்து ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கிட்டே இருக்கும். கொழுப்பு கூடினா உற்பத்தியும் கூடும். இந்த லைனுக்கு பப்ளிக் ஹாலிடே கிடையாது. மார்பகப் புற்றுநோய்ல பெரும்பாலானது ஈஸ்ட்ரோஜனை வச்சு வளர்ற வகை. அதனாலதான் மாதவிலக்கு நின்னப்புறம் எடை கூடுறது ஆபத்து.

இன்னொண்ணு இன்சுலின். எடை கூடி, உட்கார்ந்தே இருந்து, இனிப்பும் மாவுமா சாப்பிட்டா ரத்தத்துல இன்சுலின் கூடிக்கிட்டே போகும். அது கூடினா, ஈஸ்ட்ரோஜனைக் கட்டிப் பிடிச்சு வைக்கிற புரதம் குறையும். கட்டில்லாத ஈஸ்ட்ரோஜன் அதிகமாகும். நடந்தா இன்சுலின் இறங்கும், இடுப்புக் கொழுப்பும் குறையும். உலக சுகாதார நிறுவனம் கேட்கிறது வாரத்துக்கு 150 நிமிஷம். அஞ்சு நாள், அரை மணி நேரம். நாம பார்க்கிற ஒரு சீரியல் நேரம்தான்.

"எங்க பாட்டி நெய்யும் சர்க்கரையுமா சாப்பிட்டாங்க, ஒண்ணும் ஆகலியே"ன்னு கேட்பீங்க. பாட்டி விடியறதுக்கு முன்னாடி தோட்டத்துல பால்மரம் சீவப் போனாங்க. வாளியைத் தூக்கிக்கிட்டு மேடும் பள்ளமும் நடந்தாங்க. ஏழெட்டுப் பிள்ளை பெத்து, எல்லாத்துக்கும் தாய்ப்பால் கொடுத்தாங்க. அதுவும் இந்த நோயைக் குறைக்கிற விஷயம்தான். நாம லிஃப்ட்ல ஏறி, எட்டு மணி நேரம் உட்கார்ந்து, காண்டீன்ல ரொட்டி சானாயும் தே தாரேக்கும். பாட்டி சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டு பாட்டி வேலையை விட்டுட்டோம். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம்ம நாட்டுல பெரியவங்கள்ல பாதிக்கு மேல எடை அதிகம். 2019 ஜூலை 1-லிருந்து டின்லயும் போத்தல்லயும் விக்கிற இனிப்புத் தண்ணிக்கு அரசாங்கமே வரி போட்டிருக்கு. நாம கோயில்ல இலவசமா ஊத்துறோம்.

சாமிக்குப் படைக்கிற சர்க்கரைப் பொங்கலை நிறுத்தச் சொல்லல. ஒரு கரண்டி பிரசாதம் பிரசாதம்தான். மூணு கப் சிராப் பிரசாதம் இல்ல. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து, பத்துமலையில 272 படி ஏறுற ஜனங்க நாம. நமக்குக் கட்டுப்பாடு தெரியாதா?

வாட்ஸ்அப்ல சுத்துற கதைக்கும் ஒரு வார்த்தை. தவ்ஹூ சாப்பிட்டா மார்பகப் புற்றுநோய் வராது, பயப்படாம சாப்பிடுங்க. மஞ்சள் தண்ணி குடிச்சா கட்டி கரையாது. கல்யாண டின்னர்ல "ஒரே ஒரு பியர்"ங்கிறது ஈஸ்ட்ரோஜனை ஏத்தும், மது இந்த நோய்க்கு ஒரு காரணம்னு உறுதியா கண்டுபிடிச்சிருக்காங்க. அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

ஒண்ணு மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. ஒல்லியா இருக்கிறவங்க, தினமும் நடக்கிறவங்களுக்கும் இது வருது. சாப்பாடும் நடையும் ஆபத்தைக் குறைக்கும், அழிக்காது. அதனால நோய் வந்தவங்க முன்னாடி போய் நின்னு "என்னத்த சாப்பிட்டே?"ன்னு கேட்காதீங்க. கர்மான்னு சொல்றதும் இதுவும் ஒரே குத்துதான்.

அதனாலதான் பரிசோதனை. சொக்சோ சந்தா கட்டுற 40 வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவச மாமோகிராம் இருக்கு. என் லைன்ல எத்தனையோ பேர் அதைக் கண்டுக்கவே இல்ல. கேட்டா, "லீவு கிடைக்காதுக்கா"ங்கிறாங்க. என்கிட்ட வாங்க, ஷிப்ட் நானே மாத்தித் தர்றேன். கட்டி தெரிஞ்சா, வலி இல்லன்னாலும், அந்த வாரமே கிளினிக் போங்க. கயிறு கட்டுறதுன்னா போய் வந்து கட்டிக்கலாம்.

ஐயா, உங்களை அவமதிக்க எழுதல. அடுத்த கூட்டத்துலயும் இதே மூணு விஷயத்தைக் கேட்பேன். கூட்டம் என்ன முடிவு பண்ணினாலும் சரி, இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு கோயில் வாசல்ல நான் காலணியோட நிப்பேன். வர்ற பெண்கள் வாங்க. மத்தவங்க இந்தப் பதிவை உங்க அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் படிச்சுக் காட்டுங்க.