லைசென்சு கிழிந்து போனால் வண்டி ஓட்டலாமா?

சரக்கு ஆட்டோ ஒன்று சந்தைக்குப் போகிறது. வழியில் போலீஸ்காரர் கை காட்டுகிறார். டிரைவர் லைசென்சை நீட்டுகிறார். படம் பாதி இல்லை. எண்ணும் அழிந்து விட்டது.

"என்னப்பா இது?"

"சட்டையோடு சேர்த்துத் துவைத்து விட்டார்கள், சார்!"

சிரிப்பு வரும் பதில்தான். ஆனால் அன்றைய கூலி அந்த அட்டையில் அல்லவா இருக்கிறது!

இவர் லைசென்சு இல்லாதவரா? இல்லை. லைசென்சு கொடுத்ததற்கான பதிவு ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்கிறது. அட்டை கிழிந்ததால் மட்டும் ஓட்டும் உரிமை போய்விடாது.

அப்படியானால் கவலை இல்லையா? உண்டு. லைசென்சு பெற்றிருந்தால் மட்டும் போதாது. சீருடை அணிந்த போலீஸ்காரர் கேட்டால் காட்டவும் வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். படிக்க முடியாத அட்டையைக் காட்டி என்ன பயன்?

லைசென்சு பெறாமலே ஓட்டுவது பெரிய குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது அதற்கு அபராதம் 5,000 ரூபாய் ஆனது. அதற்கு முன் 500 ரூபாய்தான். அட்டை கிழிந்தவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது நியாயம் அல்ல. ஆனால் நடுரோட்டில் அவர் எதைக் காட்டி வாதாடுவார்?

2017 செப்டம்பரில், அசல் லைசென்சு கையில் இருந்தே தீர வேண்டும் என்று தமிழ்நாட்டில் உத்தரவு வந்தது. டிரைவர்கள் கலங்கினார்கள். மழையில் நனைந்தால்? தொலைந்தால்?

மறு ஆண்டே வழி பிறந்தது. 2018-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. "டிஜிலாக்கர்", "எம்-பரிவாகன்" மூலம் செல்போனில் காட்டும் லைசென்சும் செல்லும் என்று ஆயிற்று. அட்டையைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருப்பது அதற்கு ஈடாகாது.

பழைய புத்தக லைசென்சுகள் சில இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. அவை செல்போனில் வராது. ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி முதலில் ஏற்ற வேண்டும்.

சிலர் அழிந்த எண்ணின் மேல் பேனாவால் எழுதுகிறார்கள். பெரிய தவறு! போலி லைசென்சு என்ற சந்தேகம் வரும்.

மாற்று லைசென்சு கேட்டு மனுப் போடுவதே சரி. "சாரதி" இணையதளத்தில் போடலாம். சேதமான அட்டையை வாங்கிக்கொண்டால், கையோடு ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஆபீசில் ஒப்படைத்த லைசென்சுக்குப் பதிலாக ரசீதைக் காட்டலாம் என்று சட்டத்தின் 130-வது பிரிவு சொல்கிறது. புது அட்டை வரும் வரை சரக்கு ஆட்டோ சந்தைக்குப் போக அந்த ரசீதுதான் துணை.