நோயை மறைப்பது விசுவாசமா?

நம் சபைகளில் சாட்சி சொல்லக் கூச்சப்படுகிறவர் மிகச் சிலர். நோய் நீங்கிவிட்டால் ஒலிபெருக்கியின் முன் நின்று மணிக்கணக்கில் பேசுவோம். ஆனால் நோய் உடலில் இருக்கும்போது? அப்போது அதற்கு ஒரே பெயர்தான், "சரீர சுகவீனம்". ஜெபக் குறிப்புச் சீட்டில் அதற்குமேல் ஒரு சொல் இராது. சர்க்கரையா, சயரோகமா, மனநோயா என்று ஒருவரும் எழுதார், ஒருவரும் கேளார். ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லாரும் ஊகிப்பர்!

சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் இந்தச் "சுகவீனம்" புகுந்தது. என் தாயாருக்குக் காசநோய். தந்தையார் பிழைப்புக்காக நெல்லைச் சீமையை விட்டு டில்லிக்கு வந்தவர். இரண்டே அறைகள் கொண்ட வீடு, அதில் நால்வர். இருமலுக்குக் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் டில்லிப் புகையைக் காட்டினோம். குளிர்காலத்தில் இந்நகரின் புகை எந்தப் பொய்க்கும் துணை நிற்கும். மாத்திரை அட்டைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னே ஒளிந்துகொண்டன. தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது.

இரண்டு மாதங்களில் இருமல் நின்றது, எடை கூடியது. அப்போதுதான் ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் ஆரம்பித்தார்: "ஏட்டி, இருமல்தான் நின்னுட்டுல்லா? பொறவு எதுக்கு மாத்திரை? ஆண்டவர் தொட்டுட்டாருன்னு விசுவாசி." பெரியம்மா கெட்டவர் அல்லர். தங்கைக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்தவர். ஆனால் அந்த அன்பான சொல்லில் இருந்த ஆபத்தை நுண்ணுயிரியல் படிக்கும் என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நம் குடலில் வாழும் சாதாரணக் கிருமி ஒன்று, வசதியான சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கோ அதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும். அவ்வளவு சோம்பேறி! அந்தச் சோம்பல்தான் அதன் பலமும்கூட. வளரும் கிருமிகளை மருந்து விரைவில் கொன்றுவிடுகிறது. உறங்கிக் கிடப்பவை தப்பிவிடுகின்றன. இருமலை அடக்கச் சில வாரங்கள் போதும். உறங்குகிறவற்றை ஒழிக்கத்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் என்று ஆறு மாதக் கணக்கு. இடையில் விட்டால் நோய் மீண்டும் தலைதூக்கும். சில வேளை மருந்துக்கே அடங்காத உருவில் எழும்.

இதை அம்மாவுக்கு விளக்கியது என் பாடப் புத்தகம் அன்று, அப்பாதான். அவர் அதிகம் பேசாதவர். காலைக் குடும்ப ஜெபம் முடிந்து "ஆமென்" சொன்னதும் எழுந்துபோய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பார். அம்மா விழுங்கும்வரை நிற்பார். முதல் வாரம் சிறுநீர் செந்நிறமாகப் போனதைக் கண்டு அம்மா இரத்தம் என்று அழுதபோது, அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் என்று சொல்ல மட்டும் என் படிப்பு பயன்பட்டது.

மருந்து உண்பது அவிசுவாசம் என்போர் வேதத்தை எங்கே வாசிக்கிறார்களோ, நானறியேன். எசேக்கியா அரசனின் கட்டிக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் அப்போஸ்தலர் சொன்ன யோசனை யாவரும் அறிந்ததே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியது எந்த விசுவாசத்தால்?

நம் தமிழகத்துச் செய்தி ஒன்றை மன்ற அன்பர்கள் அறிந்திருத்தல் நலம். காசநோயாளி என்றால் சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு எல்லாம் வேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை நெருக்கடியான அவரவர் வீட்டிலுமே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளிவந்தது: வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர், அவர்களுடன் வாழ்ந்த உறவினரை நோய் அதிகம் பற்றவும் இல்லை. உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றிய ஆய்வு அது. அந்நிலையம் இன்றும் சேத்துப்பட்டில் தேசிய நிறுவனமாக இயங்குகிறது.

ஆக, வீடே மருத்துவமனை என்றாகிவிட்டது. அந்த வீடு வாய்மூடிக் கிடந்தால் என்னாகும்? உடன் வாழ்வோரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. தங்கையை அழைத்துப் போக எங்கள் வீட்டில் ஒரு மாதம் வாதம் நடந்தது. தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிட்டால்? படம் எடுத்தபின் நுரையீரல் சுத்தம் என்று வந்தது; ஆனால் அந்த ஒரு மாதம் வீண்தானே!

மறைப்பவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. நோயின் பெயர் தெரிந்தால் வரன் தட்டிப்போவது கற்பனையல்ல. பெண் வீட்டாரின் பரம்பரையில் "நெஞ்சு நோய்" உண்டா என்று விசாரிப்பவர்களும் நம் சபையில் முன்வரிசையில் அமர்பவர்களே. இது பரம்பரை நோயன்று, கிருமியால் வருவது, முறையாக மருந்துண்டால் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடுகிறது. இதைக் குருவானவர் ஒருவர் பிரசங்க பீடத்திலிருந்து நோயின் பெயரையே சொல்லிக் கூறினால், நூறு விளம்பரப் பலகைகள் செய்யாததைச் செய்யும்.

அம்மா ஆறு மாதமும் முடித்துவிட்டார். நன்றி சொல்லும் கூட்டத்தில் பெயரைச் சொல்லியே சாட்சி சொல்வேன் என்கிறார். தங்கை கல்யாணம் முடியட்டும் என்கிறார் அப்பா. நான் அம்மா கட்சி; தங்கையும் அம்மா கட்சிதான்.

விடுதிகளில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவ நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். தனியே போகத் தயங்குபவர் மன்றச் செயலாளரிடம் சொல்லியனுப்பினால் உடன் வரச் சித்தமாயிருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் எனக்கு ஆய்வுக்கூடம் கிடையாது.