மலையமான் ஆடிய ஆட்டம்

கணினி விளையாட்டைப் பற்றி இப்பக்கத்தில் எழுதப் போகிறோம் என்றால் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். தமிழ் படித்தவர்களுக்கு விளையாட்டு என்பது சிற்றில், ஊசல், அம்மானையோடு முடிந்துவிடுகிற சமாசாரம். சென்ற பருவம் வரை நமக்கும் அவ்வெண்ணமே இருந்தது. அதை அசைத்தவர் சங்கராபுரம் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர்.

புறநானூற்றின் 125ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருத போரில் சோழனுக்குத் துணை நின்ற தேர்வண் மலையனை வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் பாடியது. போர் முடிந்தபின் வென்றவன், நமக்கு வெற்றி தந்தவன் இவனே என்கிறான். தோற்றவனும், இவன் மட்டும் வாராதிருந்தால் இப்போர் நமக்கு எளிதாய் இருந்திருக்கும் என்கிறான். இரு தரப்பும் ஒருவனையே புகழும் நயத்தை வழக்கம்போல் விதந்து சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போக இருந்தோம். மாணவர் எழுந்தார்.

"ஐயா, அடுத்த போர்ல இவர் சேரன் பக்கம் நிப்பாரா?"

வகுப்பு சிரித்தது. "சின்ன நாட்டை வெச்சு ஆடுறவன் அப்படித்தான் ஐயா ஆடுவான். தோத்தவனும் அடுத்த தடவை இவனைத் தன் பக்கம் இழுக்கத்தான் பார்ப்பான்" என்றார் அவர். கொடையின் பெருமை பற்றி நாலு வாக்கியம் சொல்லி அமர வைத்தோம். வீட்டுக்கு வந்தபின் அவ்வாக்கியங்கள் நமக்கே உவப்பாக இல்லை. அவர் கேட்டதற்கு விடை நம் அலமாரியிலேயே இருந்தது. அகநானூறு 209, கல்லாடனார் பாடியது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்த செய்தி அதில் வருகிறது. ஆக, மலையமான் குடி சேரன் பக்கமும் நின்றிருக்கிறது. இருபது ஆண்டுகளாக இவ்விரு பாடல்களையும் வெவ்வேறு நாட்களில் நடத்தி வந்த நாம் ஒருமுறைகூட இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

அவர் ஆடுவது 'யூரோப்பா யுனிவர்சாலிஸ்' என்ற விளையாட்டின் நான்காம் பதிப்பு. ஸ்வீடன் நாட்டு பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. 1444 நவம்பர் 11 அன்று உலகம் இருந்த நிலையில் ஆட்டம் தொடங்கி 1821 வரை ஓடும். 1991இல் வந்த 'சிவிலைசேஷன்', 1997இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆகியவற்றில் எல்லோரும் ஏறத்தாழச் சமமாகத் தொடங்குவார்கள். இதிலோ பேரரசையும் எடுக்கலாம், ஒரே ஒரு மாவட்டம் உள்ள குறுநாட்டையும் எடுக்கலாம். ரசிகர்கள் பலருக்குக் குறுநாட்டை எடுத்து வளர்ப்பதில்தான் சுவை.

அதற்கு அவர்களிடம் வழிவழியாக வரும் யோசனைகள் உண்டு. முதல் நாளே பக்கத்திலுள்ள பெரிய நாட்டின் பகைவன் யார் என்று பார்த்து அவனோடு நட்புக் கொள்; அரச குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடு. நட்பு இல்லாத அண்டை நாட்டை முதலில் விழுங்கு. பெரியவர்கள் இருவர் மோதும்போது உன் கையை விற்றுக்கொள். மலையில் கோட்டை வை, ஏனெனில் மலையில் நிற்பவனைத் தாக்க வருபவனுக்குப் பகடையில் இரண்டு புள்ளி குறைந்துவிடும். வேகமாக விழுங்காதே, விழுங்க விழுங்க அண்டையார் மனத்தில் உன்மீது ஓர் எண் ஏறிக்கொண்டே போகும், அது ஐம்பதைத் தொட்டால் அவர்கள் கூட்டணி கட்டி வந்து விடுவார்கள். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த மூன்று அதிகாரங்களும் (48, 49, 50) இவற்றுக்குள் இருக்கின்றன. படித்தவர்கள் நாம், பயில்பவர்கள் அவர்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலையமான்களின் நாடு மலாடு. தலைநகர் பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்குப் பகுதி அது. மேற்கே கல்வராயன் மலை சுவராக நிற்கிறது. அந்தப் பக்கம் தகடூர் அதியமான், அதற்குத் தெற்கே கொல்லி, அதற்கும் மேற்கே சேரன், தெற்கே சோழன், வடக்கே தொண்டை நாடு. பெரியவர்கள் யார் யாரை நோக்கிப் படை நடத்தினாலும் இவன் வாசலைக் கவனிக்காமல் போக முடியாது. முள்ளூர் மலை இவன் அரண். ஆரியர் திரண்டு வந்து மலையன் ஒருவன் வேலுக்கு ஆற்றாமல் ஓடியதை நற்றிணை 170 உவமையாகச் சொல்கிறது. போரில் தோற்ற சோழன் ஒருவன் அம்மலையில் ஒளிந்திருக்க, மலையமான் குடியினன் அவனைக் காத்து மீண்டும் குடைக்கீழ் அமர்த்தியதைப் புறம் 174 சொல்கிறது. அந்த இரண்டு புள்ளி அப்போதும் இருந்திருக்கிறது.

காரியைக் கபிலர் பாடிய 122ஆம் பாடலை இந்த வெளிச்சத்தில் மீண்டும் படித்தோம். உன் நாட்டைக் கடல் கொள்ளாது, பகைவரும் கொள்ள எண்ணார்; அது அந்தணர்க்கு உரியது. மூவேந்தருள் ஒருவர் துணை வேண்டி அனுப்பும் பொருளோ பாடி வருவோர்க்கு உரியது. மனைவியைத் தவிர உனதென்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆயினும் எத்துணைப் பெருமிதம் உனக்கு என்று கபிலர் வியக்கிறார். இதை நாம் கொடைக்கு மட்டும் சான்றாகக் காட்டி வந்திருக்கிறோம். ஒரு குறுநில மன்னனின் வரவு செலவுக் கணக்கும் இதில் உண்டு என்பது நம் கருத்து. வரவு, மூவேந்தரின் படைக்கூலி. மூவரும் ஆளனுப்புகிறார்கள் என்றால் மூவருக்கும் இவன் தேவைப்படுகிறான், ஒருவருக்கும் முற்றாக உரியவனாகவில்லை. செலவு, வரும் பொருள் அனைத்தும் கொடையாக வெளியே போய்விடுகிறது. கருவூலம் நிறைந்த சிறிய நாடு பெரியவர்களுக்குக் கொள்ளைப் பொருள். கருவூலமே இல்லாத சிறிய நாட்டைக் கொள்வதில் என்ன இலாபம்? போதாததற்கு, பரிசில் பெற்ற பாணரும் புலவரும் மூன்று அரசவைகளுக்கும் போய் இவன் பெயரைப் பரப்புகிறார்கள். அக்காலத்தில் குறுநாட்டுக்கு இதைவிட மலிவான தூதரகம் இருந்திருக்க முடியாது.

இப்படிப் படிப்பது கவிதையைக் கொச்சைப்படுத்துவதாகாதா என்று நம் துறையிலேயே மூத்தவர் ஒருவர் கேட்டார். ஆகாது என்றே எண்ணுகிறோம். கொடையாளி என்ற கண்ணாடிப் பேழைக்குள் காரியை வைத்துப் பூட்டிவிட்டதுதான் அவனுக்கு நாம் செய்த குறை. சிறுபாணாற்றுப்படை எழுவரை வரிசையாகச் சொல்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அவ்வெழுவருள் காரி ஓரியைக் கொன்றான். அதியமான் காரியின் கோவலூரை அழித்தான். பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். எழுவரில் நால்வர் கதை இப்படி இருக்க, 'கடையேழு வள்ளல்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். தேர்வில் ஐந்து மதிப்பெண்.

அதியமான் கோவலூரை அழித்ததைப் பரணர் பாடினார் என்ற குறிப்பு ஔவையாரின் 99ஆம் புறப்பாட்டில் உள்ளது. வெறும் புகழ்மொழி என்று தள்ளவும் முடியாது. திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில், சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று சொல்லும் தமிழ்பிராமிக் கல்வெட்டு 1981இல் கண்டறியப்பட்டது. தகடூர்க்காரன் பெயர் மலாட்டுப் பாறையில் நிற்கிறது. பின்னர் அந்தத் தகடூரையும் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான். ஓரியின் கொல்லி, காரியின் கோவலூர், அதியனின் தகடூர் என்று ஒன்றையடுத்து ஒன்று விழுந்த கணக்கில் கடைசியாக இலாபம் கண்டவர் யார் என்று பார்த்தால் பெரியவர்களே. கொல்லியைக் காரி தனக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. விழுங்கியவன் ஒருவன், செரித்தவன் இன்னொருவன். விளையாட்டுக்காரர்களின் 'அண்டை நாட்டை முதலில் விழுங்கு' என்ற யோசனையில் நமக்கு ஐயம் எழுவது இங்கேதான். சிறியவன் சிறியவனை அழிக்கும்போது தனக்கும் பெரியவனுக்கும் இடையே இருந்த வேலியைத் தானே பிடுங்கிவிடுகிறான்.

வளராமல் இருந்ததாலேயே மலையமான்கள் நெடுங்காலம் நிலைத்தார்கள் என்றும் சொல்ல இடமுண்டு. சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் அக்குடி இருந்தது. முதலாம் இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது அவர் உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பாரிமகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியும் அதே கல்வெட்டில்தான் உள்ளது. பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்றைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பர். பெண் கொடுத்து உறவு பிடிக்கும் உத்தி இங்கே முழு வெற்றி. அந்த வெற்றிக்கு வானவன் மாதேவி என்ன விலை கொடுத்தார் என்பது அடுத்த வரியில் இருக்கிறது.

எதிர்த்திசையில் ஆடியவர்களும் இதே மாவட்டத்தில் உண்டு. உளுந்தூர்பேட்டை அருகே சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்ட காடவராயன் கோப்பெருஞ்சிங்கன், சோழனுக்குக் கீழிருந்த சிற்றரசன். மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். கேட்கவே சிலிர்க்கிறது, விளையாட்டுக்காரர்கள் இதற்கு எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஆனால் எண் ஐம்பதைத் தாண்டிவிட்டது. போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் படைத்தலைவர்களை அனுப்பிச் சோழனை மீட்டான். அதைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு சொல்கிறது. பின்னர் பாண்டியன் முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டுப் பிடித்து, அதைக் காடவனுக்கே திருப்பியும் கொடுத்தான். 1279ஐ ஒட்டிக் காடவர் ஆட்சி மறைகிறது. நாற்பது ஐம்பது ஆண்டு ஆட்டம்.

இவ்வளவையும் மாணவரிடம் சொன்னபோது அவர் மலாட்டையே ஒரு விளையாட்டாகத் திருத்தி அமைத்துப் பார்க்கும் ஆசையைச் சொன்னார். அவ்விளையாட்டுகளில் ரசிகர்கள் அப்படிச் செய்வது உண்டாம். 2022இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் திராவிடர் என்ற பிரிவும் இராசேந்திர சோழன் கதையும் சேர்ந்தன. 2025இல் வந்த ஏழாவது 'சிவிலைசேஷ'னில் சோழர் வந்துவிட்டனர். மலையமானுக்கு ஆள் இல்லை. "மலைக்கு மக்கள்தொகை எவ்வளவு போடலாம் ஐயா?" என்று கேட்டார்.

அக்கேள்விதான் நம்மை அலைக்கழித்தது. சின்ன நாடு பிழைத்தது என்கிறோமே, பிழைத்தது யார்? கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது வாய்மொழி மரபு. கிருஷ்ணதேவராயர் காலத்தில் அம்மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களிடம் விடப்பட்டதாகச் சொல்வர். விசயநகரம் போயிற்று, நவாபு போனார், கும்பெனி போயிற்று, 1947ம் போயிற்று. ஜாகீர்கள் இருந்தன. சிறியதாக இரு, மலைமேல் இரு, பெரியவர் கண்ணில் படாதே என்ற உத்திக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. ஆட்டம் என்று பார்த்தால் மலையமானையும் மிஞ்சிய ஆட்டம். 2024இல் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைமக்கள் நிலையைத் தாமாக முன்வந்து விசாரித்தபோது அங்கே எடுத்துரைக்கப்பட்டது இது: கல்வராயன் மலை அரசின்கீழ் வந்தது 1976இல், மக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1996இல். நாடு காப்பாற்றப்பட்ட அத்தனை காலமும் மக்கள் சாலையும் பள்ளியும் வாக்குச் சீட்டும் இல்லாமல் மேலே இருந்திருக்கிறார்கள்.

விளையாட்டின் திரையில் நாட்டின் வண்ணம் மாறாதவரை ஆடுபவன் தோற்கவில்லை. வண்ணத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அங்கே ஓர் எண்தான். நாம் அதைச் சொல்லிக் குறைப்பட்டபோது மாணவர் மெல்லக் கேட்டார்: "சங்கப் பாட்டுல மட்டும் அவங்க வராங்களா ஐயா?" வருகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டோம்.

வேறொன்றைக் காட்டினோம். புறம் 46. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்காலில் இடப் போகிறான். கோவூர் கிழார் குறுக்கே நிற்கிறார். அந்தப் பிள்ளைகள் யானையைக் கண்டு அழுகையை மறந்து, முன்பின் காணாத மன்றத்தைக் கண்டு மருண்டு நிற்கிறார்கள். சோழனுக்கு மலையில் இடம் கொடுத்த அதே குடியின் குழந்தைகள். உன் விளையாட்டில் கோவூர் கிழாரை எங்கே வைப்பாய் என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "வைக்கலாம் ஐயா. திரையில திடீர்னு ஒரு செய்தி வரும், கீழே ரெண்டு பொத்தான் இருக்கும். யானையை ஏவு, புலவர் சொல் கேள். அப்படி வைக்கலாம்." பிறகு சொன்னார்: "ஆனா அந்தப் பொத்தான் சோழனா ஆடுறவனுக்குத்தான் ஐயா வரும். மலையமானா ஆடுறவனுக்கு வராது."